சுதந்திர இசை ரசிகர் மன்றம், விருத்தாசலம் கிளை

ஜூன் 8, ஞாயிறு

சகலருக்கும் அறிவிப்பது யாதெனில், இன்று காலை 10.20 மணிக்கு 'சுதந்திர இசை ரசிகர் மன்றம், விருத்தாசலம் கிளை' எங்கள் வீட்டுக் கூடத்தில் இனிதே துவக்கப்பட்டது. தலைவர், செயலாளர், பொருளாளர், சோடா உடைப்பவர் அனைவரும் நானே. திரளாகக் கலந்துகொண்டவை கொசுக்கள்.

முதல் ஒலிப்பதிவு நாற்பத்தொரு நிமிடம். எந்த நாட்டிலோ ஒருவர் சாக்சபோனை ஊதாமல் அதற்குள் மூச்சு மட்டும் விடுகிறார். இன்னொருவர் டிரம் மேல் தட்டைத் தேய்க்கிறார். எதையும் முன்கூட்டி எழுதி வைப்பதில்லையாம், அந்தந்த நொடியில் தோன்றுவதுதானாம். என் விடைத்தாள் மாதிரி. முழுக்கக் கேட்டேன். இந்த ஊரில் இதற்கான காது எனக்கு மட்டும்தான்.

பக்கத்து வீட்டு ராஜாம்பாள் அக்கா சன்னலில் எட்டிப் பார்த்தார். "டேய் கார்முகிலு, வூட்டுக்குள்ள பூனை கீனை மாட்டிக்கிச்சா?"

"பூனை இல்லக்கா, கலை."

"அத்த மொதல்ல தொரத்துடா."

அம்மா மட்டும் முகம் சுளிக்கவில்லை. ஸ்பீக்கர் பெட்டி மேல் கையை வைத்தபடி உட்கார்ந்திருந்தாள். "எப்படிம்மா இருக்குது?" என்றேன். என் முகத்தையே பார்த்தாள். "நல்லாருக்குதுடா."

இரண்டாவது உறுப்பினர்!

ஜூன் 12

சத்தத்தை முழுக்க வைத்தேன். ராஜாம்பாள் அக்கா சன்னலைச் சாத்தினார். அம்மா அசையவில்லை. ரசனை என்றால் இது.

ஜூன் 15, ஞாயிறு

என் வகுப்பு பிரவீன்குமார் வீட்டுக்கு வந்து பத்து நொடி கேட்டுவிட்டு, "உங்கம்மா பாவம்டா, பெத்த கடனுக்கு உக்காந்திருக்காங்க" என்றான். அவனுக்கு என்ன தெரியும்? அம்மாவுக்குப் பீங்கான் கம்பெனியில் செக்கிங் வேலை. சூளையிலிருந்து வரும் ஊறுகாய் ஜாடிகளைச் சின்னக் கட்டையால் தட்டிப் பார்க்க வேண்டும். நல்லது 'ணங்' என்று நீளும். விரிசல் விட்டது 'டொக்' என்று செத்துவிடும். அப்பா போன பிறகு இந்த வீடு அந்தக் காதை நம்பித்தான் ஓடுகிறது. பதினாலு வருஷம்! அம்மாவின் காது எப்பேர்ப்பட்டது என்று நிரூபித்துக் காட்டுகிறேன் என்று அவனிடம் சவால் விட்டிருக்கிறேன்.

ஜூன் 21, சனி

சாப்பாடு கொடுக்கிற சாக்கில் கம்பெனிக்குப் போனேன். கழித்துப் போட்ட குவியலில் விரிசல் விட்ட ஜாடி ஒன்றை எடுத்து, அடியில் நீல மையால் மீசை வரைந்து, அம்மா பார்க்க வேண்டிய வரிசையில் செருகினேன். சந்தேகம் வராமலிருக்க எதிரில் நின்று வளவளவென்று பேசினேன். அம்மா என் வாயைப் பார்த்துக்கொண்டே தட்டினாள்.

டொக். எனக்கே கேட்டது.

நல்லது வைக்கும் பெட்டியில் வைத்தாள்.

என்னையே கலாய்க்கிறாள் என்று நினைத்தேன். சாயங்காலம் வீட்டில் சொல்லிச் சிரிக்கலாம் என்று விட்டுவிட்டேன்.

சாயங்காலம் பின்னாலிருந்து "அம்மா" என்றேன். திரும்பவில்லை. மூன்று தடவை கூப்பிட்டேன்.

சிரிக்கவில்லை. ஜாடி விஷயத்தை நான் சொல்லவும் இல்லை.

ஜூன் 25

லாரியில் ஏற்றும்போது ஜாடி இரண்டாகப் பிளந்ததாம். அடியில் மீசை.

ராஜாம்பாள் அக்கா அதே கம்பெனியில் பேக்கிங். அவர்தான் வந்து சொன்னார். மேஸ்திரி விருத்தகிரி அம்மாவின் முதுகுக்குப் பின்னால் நின்று இரண்டு ஜாடியைத் தட்டி, "எதும்மா ஒடைஞ்சது?" என்றாராம். அம்மா அவர் கேட்டதற்கே திரும்பவில்லையாம். நாளையிலிருந்து வர வேண்டாம் என்றுவிட்டாராம்.

"பத்து மாசமா அவளுக்குக் காது இல்லடா. ஜாடிய இன்னொரு கையில புடிச்சு, அதிர்றத வச்சே சொல்லுவா. ஒண்ணு தப்புனதில்ல. எங்களுக்கெல்லாம் தெரியும், வாய தொறக்கல. அன்னிக்கி எப்பிடித்தான் கவனம் செதறுச்சோ."

எனக்குத் தெரியும். வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என் வாயை.

ஜூலை 1

மேஸ்திரியிடம் போய் ஒப்புக்கொண்டேன். கையை ஓங்கினார். அடிக்கவில்லை. "மீசை வரைஞ்சது நீ, சரி. காது கேக்காதது யாருடா? தெரிஞ்சப்புறம் நான் எப்பிடி வச்சுக்கறது?"

கழித்துப் போட்ட குவியலைத் தாண்டி வீட்டுக்கு நடந்தேன்.

ஜூலை 6, ஞாயிறு

அம்மாவுக்கு நேராக உட்கார்ந்து, வாயை அகலமாக அசைத்து, எல்லாவற்றையும் சொன்னேன். "வாய அவ்ளோ தொறக்காத, புரியுது" என்றாள். எழுந்து போய் அரிசி களைந்தாள். ரொம்ப நேரம் களைந்தாள்.

பிறகு வந்து ஸ்பீக்கர் மேல் கையை வைத்தாள். "அந்த மூச்சு விடறவர போடு."

"எதுக்கும்மா?"

"பாட்டுன்னா அடுத்து என்ன வரும்னு கைக்குத் தெரிஞ்சிடுது. இது தெரிய மாட்டேங்குது, ஜாடி மாதிரி. கை தூங்காம இருக்குது. அதுலதான் கையப் பழக்கிக்கிட்டேன்."

இனி அவள் தட்ட ஜாடி எதுவும் இல்லை. போட்டேன்.

இந்த நோட்டில் ஒரு திருத்தம். முழுக்கக் கேட்டேன் என்று எழுதியது பொய். மூன்று நிமிடத்துக்கு மேல் நான் தாங்கியதே இல்லை. ஊரைக் கடுப்பேற்றத்தான் வைத்தேன். வைத்துவிட்டு என் காதில் பஞ்சு அடைத்துக்கொள்வேன்.

தலைவர் பதவி விலகுகிறார். மன்றத்தின் உறுப்பினர் எண்ணிக்கை அன்றும் இன்றும் ஒன்றுதான். அது நான் இல்லை.