முதற் சீப்பு அக்கா வீட்டுக்கு

கொட்டாஞ்சேனை,
வெள்ளிக்கிழமை, ஜும்ஆத் தொழுகைக்குப் பிறகு.

அன்புள்ள லெட்சுமி அக்கா,

படைத்தவனின் அருள் உங்கள் மேலும் சாந்தகுமார் அண்ணன் மேலும் இறங்கட்டும். இங்கே நானும் இவரும் மகள் ஆதிபாவும் சுகம். மாத்தளையில் மகள் வீட்டில் நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்க நாலு தரம் ஃபோன் எடுத்தேன். மணி அடித்து நின்றதே தவிர உங்கள் குரல் கிடைக்கவில்லை. அதனால் எழுதுகிறேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவள், பிறகு ஆதிபாவின் புத்தகங்களைப் பார்த்துத்தான் ஒழுங்காக எழுதப் பழகினேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கேட்டுக்கு அடியில் கிடந்த தண்ணீர் பில்லையும் கரண்ட் பில்லையும் எடுத்து வைத்திருக்கிறேன். போன கிழமை மழைக்கு ஒழுங்கை முழங்கால் அளவுக்கு நிரம்பியது, உங்கள் வாசற்படிக்கு ஏறவில்லை. பயப்படாதீர்கள்.

இனி எழுத வந்ததை எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை உங்கள் மகள் சாருஜா ஆதிபாவோடு கதைத்தபோது எல்லாம் சொல்லிவிட்டாள். அண்ணனுக்குச் சிறுநீரகம் பழுது என்பது போன தீபாவளிக்கே தெரியுமாம். இரத்தத்தில் பொட்டாசியம் ஏறக் கூடாது, வாழைக்காய், வாழைப்பழம், இளநீர் ஒன்றும் தொடக் கூடாது என்று டொக்டர் அப்போதே சொன்னாராம். “லொறி ஓட்டுற வேலை போயிடும், யாருக்கும் சொல்லக் கூடாதுன்னு அப்பா அம்மாகிட்ட சத்தியம் வாங்கிட்டாரு” என்றாளாம் பிள்ளை.

அக்கா, என்னிடம் ஒரு கொப்பி இருக்கிறது, நீங்கள் பார்த்துச் சிரித்திருக்கிறீர்கள். எந்த வாழை எப்போது பொத்தி தள்ளியது, குலையில் எத்தனை சீப்பு, எந்த வீட்டுக்கு எது போனது, எல்லாம் அதில் இருக்கும். சாருஜா கதைத்த அன்று அதை எடுத்துப் பார்த்தேன். தீபாவளியில் இருந்து அண்ணனை அம்புலன்ஸில் ஏற்றிய நாள் வரைக்கும், “அக்கா வீடு, வாழைக்காய்ப் பால்கறி” என்று பதினேழு இடத்தில் என் கையெழுத்தில் கிடக்கிறது.

கன்று அண்ணன் தந்தது. உங்கள் முற்றம் சீமெந்து போட்டது என்று, மாத்தளையில் இருந்து சாக்கில் சுற்றிக் கொண்டுவந்த சாம்பல் வாழைக் கன்றை எங்கள் பின்பக்கத்தில், குளியலறைத் தண்ணீர் போகிற இடத்தில், தானே குழி வெட்டி நட்டார். முதற் குலை வெட்டிய அன்று சுவருக்கு மேலால் தலையை நீட்டி, “கன்னு குடுத்தவன் நானு, கொலைய வெட்டுறது நீங்க, இது எந்த ஊரு நியாயம் தங்கச்சி?” என்று கேட்டார். அன்றைக்கு வைத்த வழக்கம்தான் முதற் சீப்பு உங்கள் வீட்டுக்கு என்பது. காயாகத் தந்தால் உங்களுக்கு வேலை என்று கறியாகவே தருவேன். தோலைச் சீவி, மஞ்சளும் உப்பும் பிரட்டிப் பொரித்து, ரம்பை இலை போட்டு முதற்பாலில் இறக்குவேன். உங்கள் வெள்ளிக்கிழமை விரதத்துக்கு மாசிக் கருவாடு போடாமல் தனிச்சட்டி.

ஒரு நாள் நீங்கள் வேண்டாம் என்றீர்கள், அக்கா. “இன்னைக்கு வேணாம் ருக்கியா, நேத்துக் கறி மிச்சம் கெடக்கு” என்றீர்கள். நான் கேட்டேனா? பழங்கறியைக் கொட்டிவிட்டு இதைச் சாப்பிடுங்கள் என்று பாத்திரத்தைச் சுவரில் வைத்துவிட்டு வந்தேன். உங்கள் முகத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை. அடுப்பில் சோறு இருந்தது.

இவரிடம் சொல்லி அழுதேன். “நீ தெரிஞ்சா செஞ்ச? அவங்க செல்லாம ஒனக்கு எப்பிடித் தெரியும்?” என்கிறார். அது எனக்கு ஆறுதலாக இல்லை. உங்கள் பக்கம் குற்றத்தைத் தள்ளி நான் தூங்க முடியாது. ஆனாலும் ஒரு சொல் சொல்லியிருக்கலாமே, அக்கா. அண்ணனுக்குக் கொடுத்த சத்தியம் அண்ணனுடைய முதலாளிக்குச் சொல்லக் கூடாது என்றுதானே? எனக்குமா?

நீங்கள் ஃபோன் எடுக்காதது கோபத்திலா, இல்லை சொல்லாமல் விட்டோமே என்ற கூச்சத்திலா, எனக்குத் தெரியவில்லை. இரண்டில் எதுவாக இருந்தாலும் என்னால் தாங்க முடியும். தெரியாமல் இருப்பதுதான் முடியவில்லை.

வாழைகளை அடியோடு தோண்டச் சொன்னேன். இவர் மண்வெட்டியோடு போய், திரும்பி வந்துவிட்டார். நட்டவர் உயிரோடு இருக்கிறார், அவரைக் கேட்காமல் தோண்ட மாட்டேன் என்கிறார். குலை ஒன்று முற்றி உங்கள் சுவரில் சாய்ந்து நிற்கிறது. உடுப்புக் காயப்போடுகிற கொடிக்கம்பால் முட்டுக் கொடுத்திருக்கிறேன். கத்தியை எடுக்க எனக்குக் கை வரவில்லை.

இந்தக் கடிதத்தை இவருடைய கடை லொறியில் வருகிற ஜாபிர் தருவார். கையில் வேறொன்றும் கொடுத்துவிடவில்லை. அண்ணன் எதைச் சாப்பிடலாம் என்று தெரியாமல் இனி ஒன்றும் அனுப்ப மாட்டேன்.

ஜாபிர் அடுத்த புதன்கிழமையும் வருவார். கடைசியாகக் கறி வந்த என் நீலப்பூப் பாத்திரத்தை நீங்கள் சாமான்களோடு கொண்டுபோயிருப்பதாகச் சாருஜா சொன்னாள். நம் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு பாத்திரமும் இதுவரை வெறுமையாகத் திரும்பியதில்லை. ஒன்றும் இல்லாத நாளில் நீங்கள் ஒரு பிடி சீனியாவது போட்டு அனுப்பினீர்கள். என்மேல் மனம் கசந்திருந்தால் அதைக் கழுவி வெறுமையாகக் கொடுத்துவிடுங்கள், நான் விளங்கிக்கொள்வேன். அண்ணனுக்காகக் கேட்கிற துஆவை நிறுத்த மாட்டேன்.

இல்லையென்றால் ஒரு பிடி உப்புப் போட்டு அனுப்புங்கள். அண்ணனுக்கு உப்பும் ஆகாது என்று உங்கள் வீட்டு உப்புப் போத்தல் இப்போது அலுமாரிக்கு மேலே இருக்கிறதாமே. அதில் ஒரு பிடி போதும், அக்கா.

அண்ணனுக்கு அல்லாஹ் பூரண சுகம் தரட்டும்.

புதன்கிழமையைப் பார்த்திருக்கும்,
உங்கள் சுவருக்கு இந்தப் பக்கத்துத் தங்கச்சி,
ருக்கியா