முந்திக்கொண்ட ஆமென்

என் பிரியமானவருக்கு,

கர்த்தருடைய கிருபையால் நானும் மகளும் சுகம். நம் சபையின் வாத்தியக்காரர்கள் எல்லோரும் உங்களோடு கச்சேரிக்கு வெளிநாடு வந்துவிட்டதால், இங்கே பாட்டு ஆளுக்கொரு சுருதியில் போகிறது.

ஞாயிறு ஆராதனையில் போதகர் ஜெபித்தார்: "கச்சேரி முடிஞ்சும் அந்த தேசத்துலயே ரெண்டு வருஷம் தங்கி ஊழியம் செய்ய ஒப்புக்கொண்ட எங்க வயலின்காரத் தம்பியை ஆசீர்வதியும் ஆண்டவரே."

அது நீங்கள்தான் என்று மனதில் ஏறுமுன்பே, வழக்கம்போல எல்லோருக்கும் முந்திக்கொண்டு "ஆமென்" என்று சத்தமாகச் சொல்லிவிட்டேன்.

வாசலில் பாடகர் குழுத் தங்கச்சி பிடித்துக்கொண்டாள். "அண்ணன் அங்கேயே இருக்கப் போறாராம். எங்ககிட்ட மூச்சு விட்டீங்களா? சரியான அமுக்குணிக்கா நீங்க!"

"அவர்தான் யார்கிட்டயும் சொல்லாதேன்னார்" என்று சிரித்துவைத்தேன்.

எனக்கு எழுத உங்களுக்கு நேரம் கிடைத்திருக்காது. பால்காரரிடம் சாயங்காலப் பாலை நீங்கள் வரும்வரைதான் நிறுத்தச் சொல்லியிருந்தேன். எப்போதிலிருந்து திரும்ப ஊற்றட்டும் என்று இன்று அவர் கேட்டார். அடுத்த வாரம் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன்.

ஊழியத்துக்குக் குறுக்கே நிற்கிறவள் என்ற பேர் எனக்கு வேண்டாம். ஆகையால் இதைக் கர்த்தரிடம் கேட்க வாய் வரவில்லை. உங்களிடம்தான் கேட்கிறேன்.

வந்துவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வீட்டுக்காரி