'பேரலை' வாசித்த கை

பேக்கர்ஸ்ஃபீல்டு
ஜூலை 9, 1963

அன்புத் தங்கை வின்காவுக்கு,

நான் நலம். நீயும் அம்மாவும் நலம்தானே? அப்பாவின் படகு கரைக்கு வந்துவிட்டதா? இங்கே வெயில் மண்டையைப் பிளக்கிறது. கடலையே பார்த்திராத ஊரில் பையன்கள் தலைமயிரை வெளுக்க வைத்துக்கொண்டு, வெறுங்காலோடு எங்கள் குழு வாசிக்கும் நடனத்துக்கு வருகிறார்கள். ஒருவன் கார் மேல் அலைச்சறுக்குப் பலகையைக் கட்டிக்கொண்டு வந்திருந்தான். பருத்திக் காட்டில் எந்த அலையைத் தேடுகிறானோ!

சிரிப்பு போதும். விஷயத்துக்கு வருகிறேன். 'பேரலை' மெட்டு என் கைக்கு வரவில்லை.

பிப்ரவரியில் அலைச்சறுக்குப் பலகையின் அடித்துடுப்பு என் வலது கையைக் கிழிக்காமல் இருந்திருந்தால், ஒலிப்பதிவன்று என் இடத்தில் நீ உட்கார்ந்திருக்கவே மாட்டாய். இப்போது கை ஆறிவிட்டது. ஆனால் இசைத்தட்டின் நடுவில் கிட்டாரின் ஒரே தந்தியை மேலும் கீழுமாக மழை கொட்டுவதுபோல் அடித்தாயே, அது என் கையில் வரமாட்டேன் என்கிறது. பாதியிலேயே கை மரத்துப்போகிறது. எதிரொலிப் பெட்டியை முழுக்கத் திருகிவிட்டு அந்தச் சத்தத்துக்குள் ஒளிந்துகொள்கிறேன். நேற்று முன்வரிசையில் ஒரு பெண், "ரெக்கார்டுல இருக்கற மாதிரி இல்லையே" என்று தோழியிடம் சொன்னாள். பிடரி வரை சூடேறியது. சுற்றுப்பயணம் முழுக்க இப்படியே போனால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

எப்படி வாசித்தாய் என்று எழுது. படம் போட்டாவது எழுது. ஒலிப்பதிவின்போது அப்பா கடலில் இருந்தார். அது நீ வாசித்தது என்று அவருக்குத் தெரியவே கூடாது.

உன் அண்ணன்,
டோனி

---

சான் பெட்ரோ
ஜூலை 14

அன்புள்ள அண்ணாவுக்கு,

'டோனி' என்ற கையெழுத்தைப் பார்த்து, யாரோ ஊர் பேர் தெரியாதவன் எழுதியிருக்கிறான் என்று நினைத்தேன். இசைத்தட்டு உறைக்கு நீ டோனி மார்ஷாக இருந்துகொள். இந்த வீட்டில் நீ ஆன்டே மாருஷிச்தான்.

இதையெல்லாம் எழுத்தில் எப்படிச் சொல்வது? முழங்கையை முறுக்காதே. தந்தி மீட்டும் பிக்கை நெரிக்காதே. மணிக்கட்டு மட்டும் ஆடட்டும், கையில் ஒட்டிய மாவை உதறுகிற மாதிரி. இது அப்பா தம்பூரிட்சாவில் எனக்குச் சொல்லித் தந்தது. நீதான் அந்தக் குட்டித் தந்தி வாத்தியத்தை 'மரக்கரண்டி' என்பாயே. குரோவேஷிய மன்றத்தில் அப்பாவும் கூட்டாளிகளும் பூவேலைச் சட்டை போட்டுக்கொண்டு வாசிக்கிற சனிக்கிழமைகளில், பள்ளித் தோழர்கள் பார்த்துவிடுவார்கள் என்று வெட்கப்பட்டுக் கடற்கரைக்கு ஓடினாய். உனக்குப் போட்ட நாற்காலியில் நான் உட்கார்ந்தேன். வேறு ரகசியம் எதுவும் இல்லை.

அப்பா வியாழக்கிழமை கரைக்கு வந்தார். துறைமுகத்தில் வலை தைத்துக்கொண்டிருந்தபோது ரேடியோவில் 'பேரலை' வந்ததாம். ஊசியைப் போட்டுவிட்டு எழுந்து நின்றாராம். "கேட்டீங்களாடா? அது என் மணிக்கட்டு! பய கத்துக்கவே இல்லன்னு நெனச்சேன். ஒளிஞ்சு நின்னு கத்துக்கிட்டிருக்கான்!" என்று பார்க்கிறவரிடமெல்லாம் சொல்கிறார். வீட்டுக்கு வந்து என்னிடமும் சொன்னார். நான் மத்தி கழுவிக்கொண்டிருந்தேன், தலையை நிமிர்த்தவில்லை. பொய் உன்னுடையது, கூச்சம் என்னவோ எனக்கு.

நான் அந்த மெட்டுக்கு 'புரா' என்று பெயர் வைத்திருந்தேன். அப்பா அடிக்கடி சொல்லும் அவர் ஊர்க் காற்று. உங்கள் மானேஜர் லென்ட்ஸ் அதைப் 'பேரலை' ஆக்கினார். "பொண்ணு வாசிச்சதுன்னு போட்டா எவன் வாங்குவான்?" என்று அவர் கேட்டபோது, நீ உன் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

வேளாவேளைக்குச் சாப்பிடு. அம்மா கேட்கச் சொன்னாள்.

வின்கா

---

ஃபிரெஸ்னோ
ஜூலை 22

அன்பு வின்கா,

மாவை உதறி உதறித் தோள்பட்டை கழன்றுவிட்டது. டிரம்ஸ் வாசிக்கும் டுவேன், "என்னடா, கொசு ஓட்டறியா?" என்கிறான். உனக்குத் தானாக வருவது எனக்கு ஒரு மாதமாகியும் வரவில்லை.

நல்ல செய்தி ஒன்று. வெள்ளிக்கிழமை மாலை லாஸ் ஏஞ்சலஸ் வானொலியில் என் பேட்டி. அப்பாவிடம் சொல், சந்தோஷப்படுவார்.

டோனி

---

சான் பெட்ரோ
ஜூலை 29

அண்ணா,

அப்பாவிடம் சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாம்.

படகுக்காரர்கள் எல்லோரையும் வீட்டுக்குக் கூட்டிவந்துவிட்டார். அம்மா மாவுருண்டை பொரித்து, சர்க்கரை தூவி வைத்தாள். ரேடியோவை ஜன்னல் மேல் வைத்து, அப்பா அதன் பக்கத்திலேயே நின்றார். யாரிடம் கற்றுக்கொண்டீர்கள் என்று பேட்டி எடுத்த ஆள் கேட்டதும், "சும்மா இருங்கடா, இப்ப சொல்லுவான்" என்று எல்லோரையும் அடக்கினார்.

நீ சொன்னாய்: "யார்கிட்டயும் இல்ல சார். எங்க வீட்டுல சங்கீத வாசனையே கிடையாது. அலை சத்தத்தைக் கேட்டு நானாத்தான் புடிச்சேன்."

யாரும் மாவுருண்டையைத் தொடவில்லை. கடைசியில் லூகா மாமா, "வாசனை இல்லையாமே, அப்ப மீன் நாத்தம் மட்டுந்தானா?" என்று சிரிக்க வைக்கப் பார்த்தார். சிலர் சிரிக்கவும் செய்தார்கள். அப்பாவின் காது மடல் சிவந்துவிட்டது. "லைன் சரியில்ல, வேற என்னமோ சொல்லியிருப்பான்" என்று ரேடியோவை அணைத்தார்.

சனிக்கிழமை மன்றத்துக்கு வெறுங்கையோடு போனார். தம்பூரிட்சா வீட்டிலேயே கிடந்தது.

வின்கா

---

சான்டா பார்பரா
ஆகஸ்ட் 8

வின்கா,

அது லென்ட்ஸ் எழுதிக் கொடுத்த வாக்கியம். ஆனால் சொன்னது என் நாக்குதான், அதைப் பிடுங்கிப் போட்டால் தேவலை. அப்பாவுக்கு மூன்று தரம் கடிதம் எழுத உட்கார்ந்தேன். 'அன்புள்ள அப்பா'வுக்கு மேல் ஒரு வரி நகரவில்லை.

இப்போது உன்னிடம் கேட்கப்போவது இதைவிடக் கேவலம். லாங் பீச் அரங்கில் 24ஆம் தேதி எங்கள் கடைசி நிகழ்ச்சி, பெரிய கூட்டம். நான் வாசித்தால் சந்தி சிரிக்கும் என்று லென்ட்ஸ் பயப்படுகிறார். மேடைத் திரைக்குப் பின்னால் உன்னை உட்காரவைத்து, உன் கிட்டாருக்கு ஒலிபெருக்கி கொடுத்துவிடலாம், முன்னால் நின்று நான் கையை மட்டும் ஆட்டினால் போதும் என்கிறார். மாட்டேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன். "தங்கச்சிகிட்ட கேக்கறேன்" என்று வந்துவிட்டது.

டோனி

---

சான் பெட்ரோ
ஆகஸ்ட் 12

அண்ணா,

வருகிறேன். உனக்காக இல்லை. அவ்வளவு கேட்ட பிறகும் அப்பா படகுக்காரர்கள் எல்லோருக்கும் டிக்கெட் வாங்கி வைத்திருக்கிறார். "மேடையில பாத்தா தெரியும், அது யார் மணிக்கட்டுன்னு" என்கிறார். அத்தனை பேர் முன்னால் அவருக்கு இன்னொரு தலைகுனிவு வேண்டாம்.

ஆனால் ஒன்று. மெட்டு முடிந்ததும் திரையை விலக்கி, 'இது என் தங்கை வின்கா, சொல்லிக் கொடுத்தது எங்கள் அப்பா' என்று நீ சொல்ல வேண்டும். சம்மதமென்றால் மட்டும் எழுது.

வின்கா

---

சான்டா பார்பரா
ஆகஸ்ட் 15

சொல்கிறேன். சத்தியம்.

ஆன்டே

---

ஆக்ஸ்நார்டு, டுவேன் வீடு
ஆகஸ்ட் 27

வின்கா,

உன் முகத்தைப் பார்க்கிற தைரியம் இல்லாததால் எழுதுகிறேன். திரைக்கு முன்னால் நடந்தது உனக்குத் தெரியாதே.

நீ ஆரம்பித்ததும் கூட்டம் கூரையைப் பிய்த்தது. நான் கையை ஆட்டினேன். மூன்றாவது வரிசையில் லூகா மாமா நாற்காலி மேல் ஏறி நின்று "நம்ம பய! நம்ம பய!" என்று கத்திக்கொண்டிருந்தார். அப்பா மட்டும் உட்கார்ந்தே இருந்தார். முதலில் என் மணிக்கட்டைப் பார்த்தார். வலையில் கிழிசல் தேடும்போது பார்ப்பாரே, அந்தப் பார்வை. அப்புறம் என்னை விட்டுவிட்டுத் திரையைப் பார்த்தார். மழை கொட்டும் அந்த இடம் வந்தபோது அவருடைய வலது கை முழங்கால் மேல் தானாக ஆடியது, உன்னோடு சேர்ந்து, இம்மி பிசகாமல். அவர் முகத்தில் கோபமே இல்லை. கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

என் கை நின்றுவிட்டது. நான் நிறுத்தவில்லை, தொங்கிப்போயிற்று. கிட்டார் மட்டும் அரங்கம் அதிர ஒலித்துக்கொண்டிருந்தது. முதலில் வேடிக்கை என்று கைதட்டினார்கள். பிறகு யாரோ, "ஏமாத்துக்காரன்!" என்று கூவினான். காகிதக் கோப்பை ஒன்று என் மேல் வந்து விழுந்தது.

திரை எனக்குப் பின்னால் நாலடியில் இருந்தது. கையை நீட்டினால் போதும். நீட்டவில்லை. பக்கவாசல் வழியாக ஓடினேன்.

மன்னிக்கச் சொல்லிக் கேட்க எனக்கு வாயில்லை.

ஆன்டே

---

சான் பெட்ரோ
செப்டம்பர் 2

அன்புள்ள அண்ணாவுக்கு,

நீ நிறுத்தியது எனக்குத் தெரியவில்லை. நான் வாசித்துக்கொண்டிருந்தேன். முடித்துவிட்டு, கவுனைச் சரிசெய்துகொண்டு, திரை விலகட்டும் என்று நின்றேன். அம்மா தைத்துக் கொடுத்த நீலக் கவுன். விளக்குகளை அணைக்கிற வரை நின்றேன்.

அப்பாதான் வந்தார். "எத்தன நாளா?" என்றார். "மொதல்லேர்ந்து" என்றேன். ஒலிபெருக்கியைத் தூக்கிக்கொண்டு வண்டிக்கு நடந்தார். வழியில் ஒரு தரம் நின்று, "கடைசி வரிய அவசரப்பட்டு முடிச்சிட்ட" என்றார். இப்படி ஒரு பாராட்டை என் ஜென்மத்தில் அவரிடம் வாங்கியதில்லை.

மறுநாள் பத்திரிகை பார்த்தாயா? 'டோனி மார்ஷ் டேப் ரிக்கார்டரை ஓடவிட்டு ரசிகர்களை ஏமாற்றினார்' என்று போட்டிருக்கிறார்கள். நீ ஓடினதில் நான் டேப் ரிக்கார்டர் ஆகிவிட்டேன், அண்ணா. உனக்காவது கெட்ட பெயர் என்று ஒரு பெயர் கிடைத்தது.

அழுதேன். இப்போது அழவில்லை. அப்பா உன்னைப் பற்றி ஒரு வார்த்தைதான் பேசினார்: "அவன் வாசிக்காதது எனக்குப் பெரிசில்ல. வாசிச்சவ பேரச் சொல்லாம ஓடினான் பாரு, அதான்."

டுவேனும் மற்றவர்களும் போன் செய்தார்கள். நீ அதே வீட்டில் இருப்பதால் உனக்குத் தெரிந்திருக்கும். பதினான்காம் தேதி ரெடோன்டோ நடனத்தில் நான் அவர்களோடு வாசிக்கிறேன். திரை இல்லை. மெட்டின் பெயர் 'புரா' என்றே சொல்லப்போகிறோம். அப்பா பூவேலைச் சட்டையில்தான் வருவாராம், யார் சொன்னாலும் கேட்க மாட்டாராம்.

நீயும் வா. மேடைப் பக்கம் வராதே, என் சாமான் எதையும் தூக்காதே. எல்லோரையும் போல வாசலில் டிக்கெட் வாங்கிக்கொண்டு, அந்தச் சட்டைக்குப் பக்கத்திலேயே உட்கார். அக்கம்பக்கத்தில் யாராவது, "யாருப்பா அந்தப் பொண்ணு, இப்படி வாசிக்கறா?" என்று கேட்பார்கள். அப்பா வாயைத் திறக்க மாட்டார், நான் சொல்லி வைத்திருக்கிறேன்.

நீ சொல்.

வின்கா மாருஷிச்