போனில் கூப்பிடும் பெயர்

அம்மாவுக்கு,

நான் நல்லபடி இருக்கிறேன். உன் முழங்கால் வலி குறைந்ததா? அப்பா மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாரா?

போன வாரம் விசா அலுவலகத்தில் கூப்பிட்டிருந்தார்கள். பயப்படாதே, டீயெல்லாம் கொடுத்தார்கள். உள்ளே நம் நாட்டுப் போலீஸ்காரர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். நம் நாட்டில் பிடித்து வைத்திருப்பவர்களை விடச் சொல்லி இங்கே நடந்த கூட்டத்தில் நான் நின்ற படத்தைக் காட்டினார். பிறகு சிரித்துக்கொண்டே, "என்ன வாண்டு, அம்மா சொன்ன தைலத்தைத் தேய்ச்சியா?" என்றார்.

நான் இங்கே வந்த பிறகு நீ போனில் மட்டும் கூப்பிடுகிற பெயர் அது.

இனிமேல் போனில் அது வேண்டாம். மழை பெய்ததா, சாப்பிட்டாயா என்பதோடு நிறுத்திக்கொள்வோம். லீவில் ஊருக்கு வந்து இந்தக் கடிதத்தைக் கொடுக்கும் வெல்டர் அண்ணன் திரும்பும்போது, அவரிடமே அப்பாவின் பழைய ஸ்வெட்டரைக் கொடுத்தனுப்பு. அந்தப் பெயரை ஒரு தாளில் உன் கையால் எழுதி, அதற்குள் மடித்து வை.

அண்ணன் பெட்டியைப் பூட்டக் காத்திருக்கிறார்.

உன் மகன்