மச்சம் தெரியற கேமரா

கிராஸ்கட் ரோடு,
கோயமுத்தூர்.

அன்பு மகள் லோகப்பிரியாவுக்கு அப்பா எழுதிக்கொள்வது. இங்கே கடை, ஊடு, உங்கம்மா எல்லாம் இருக்கறபடி இருக்கோம். சென்னிமலை முருகன் மெல்போர்னிலும் உனக்குத் துணை இருக்கணும்.

நம்ம திருமூர்த்தி அண்ணன் மகள் சண்முகப்பிரியா உங்க ஊருக்குப் படிக்க வர்றா. அவகிட்ட இந்தக் கடிதத்தையும் ஒரு கேமராவையும் கொடுத்துவிட்டிருக்கேன். உன் கையில மட்டும் கொடுக்கச் சொல்லியிருக்கேன்.

பாக்கெட்டில் அடங்கற கேமராதான். ஆனா உள்ளே படம் பதியற சென்சார் பெரிசு, லென்ஸ் ஒசத்தி. மங்கின வெளிச்சத்துலயும் உள்ளது உள்ளபடி விழும். இருந்தும் வியாபாரத்துல இதுக்கு இடமில்லாமப் போச்சு. கல்யாணத்துக்கு எடுக்கறவங்களுக்குப் பெரிய கேமரா வேணும். மத்தவங்க, இந்த வெலைக்கு நல்ல போனே வருதேங்கறாங்க. கையில வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துட்டு வெச்சுட்டுப் போயிடறாங்க. விக்காத சரக்கை மகள் தலையில கட்டறீங்களான்னு உங்கம்மா சிரிச்சுட்டே கேட்டுப்போட்டா. அவ சிரிச்சுப் பார்த்து ரொம்ப நாளாச்சு.

விஷயத்துக்கு வர்றேன். பொங்கலுக்கு நீ போனில் எடுத்து அனுப்பின படத்தைப் பெரிசு பண்ணிப் பார்த்துட்டு, இவ கன்னத்து மச்சம் எங்கீங்கன்னு உங்கம்மா கேட்டா. நானும் பார்த்தேன். காணோம். போனே தோலை மழமழன்னு ஆக்கிப்போடும், இப்ப எல்லாமே அப்படித்தான்னு சமாதானம் சொன்னேன். கேமரா விக்கறவன் சொன்னதால நம்பிட்டா. எனக்குத்தான் அன்னையிலிருந்து சோறு எறங்கலை. மச்சத்தை அழிச்ச போன், கூட என்னத்தையெல்லாம் அழிச்சுதோ.

கூப்பிட்டா மாப்பிள்ளைதான் எடுக்கறார். குளிக்கிறா, தூங்கறாங்கறார். வீடியோவில் வரச் சொன்னா நெட் சரியில்லைங்கறார். நீ பேசினாலும் நல்லா இருக்கேங்கறதைத் தவிர வேறொண்ணும் சொல்றதில்லை. அதனாலதான் கடிதம்.

கேமரா வாங்கறவங்களைக் கடை வாசல்ல நிறுத்தி, அவங்க முகத்தையே முதல் படமா எடுத்துக் கொடுக்கறது நம்ம வழக்கம். நீ இல்லாததால உங்கம்மாவை நிறுத்தினேன். எளைச்சுப்போயிருக்கா, பார்த்துப் பயந்துக்காதே. நாங்க ஒண்ணையும் மறைக்கலை.

ரெண்டாவது படம் உன்னுது. பவுடர் போடாம, ஜன்னல் பக்கம் நின்னு எடு. மெமரி கார்டைக் கழட்டி சண்முகப்பிரியாகிட்டக் கொடு, அவ அனுப்பிவைப்பா.

எடுக்க மனசு வரலைன்னா வேண்டாம் கண்ணு. கேமராவைத் தூக்கிட்டுப் பொறப்பட்டு வந்துரு. ஊர் கேட்டா நான் பதில் சொல்லிக்கறேன். ரெண்டாவது படத்தை நம்ம கடை வாசல்ல வெச்சு நானே எடுத்துக்கறேன்.

மச்சமும் பொட்டுமா நீ நல்லா இருக்கணும் அம்மணி.

உன் அப்பா,
நாச்சிமுத்து