ஏணி இல்லாத தொட்டி

அன்பு மச்சான் தேவராஜுக்கு,

கல்லறைத் தோட்டத்தில் உன் பக்கத்தில் நின்று பேசினால் நாலு பேர் திரும்பிப் பார்க்கிறார்கள். உன் தங்கச்சி வேறு, "போதும் வாங்க, வெயில் ஏறுது" என்று கையைப் பிடித்து இழுக்கிறாள். அதனால் எழுதுகிறேன். நீ உயிரோடு இருந்தவரை உன்னை ஒரு வார்த்தை பாராட்டியவன் இல்லை நான். இப்போது பாராட்டப் போகிறேன். அங்கே உட்கார்ந்து சிரிக்காதே.

முதலில் வீட்டுச் சேதி. உன் மகள் எஸ்தர் வேலூரில் நர்ஸ் வேலையில் நன்றாக இருக்கிறாள். படிக்கட்டைக் கண்டால் உன்னைப் போலவே கைப்பிடி ஆடுகிறதா என்று அசைத்துப் பார்த்துவிட்டுத்தான் ஏறுகிறாள். இந்தக் கடிதத்தைச் சபை மலரில் போட வேண்டும் என்பதும் அவள் யோசனைதான். ஆகையால் உனக்குத் தெரிந்ததையும் நான் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்.

உன் பழைய பைக் என்னிடம் இருக்கிறது. ஹெல்மெட்டுக்குள் ஒரு சின்னத் தோல் பை தைத்து, வண்டிச் சாவியை அதில் போட்டு வைப்பாயே, அந்தப் பழக்கத்தை நானும் விடவில்லை. "ஹெல்மெட்டக் கையில எடுக்காம சாவிய எடுக்க முடியாது இல்ல? கையில எடுத்தவன் தலையில மாட்டாமலா போவான்?" என்பாய். எனக்கு அறிவுரை சொல்லிப் பிரயோஜனம் இல்லை என்று உனக்குத் தெரிந்திருந்தது. அதனால் பையைத் தைத்தாய்.

இனி சொல்ல வந்ததைச் சொல்கிறேன். போன மாதம் நான் ஒரு மனுஷனைக் கொன்றிருப்பேன், மச்சான். நீ விடவில்லை.

எங்கிருந்து ஆரம்பிப்பது? அந்த மூன்று பேர் சாவிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். ஆம்பூரில் நாம் வேலை பார்த்த தோல் கம்பெனிக்குக் கொஞ்ச தூரத்தில் இன்னொரு கம்பெனி. அங்கே கழிவுநீர்த் தொட்டியில் கசடு வழிக்க ஒருவர் இறங்கினார். மயங்கி விழுந்தார். அவரைத் தூக்க அவர் தம்பி இறங்கினார். தம்பியைத் தூக்கப் பக்கத்து வீட்டுக்காரர் இறங்கினார். தோலில் மயிர் போக்கும் மருந்துத் தண்ணீரும் அமிலத் தண்ணீரும் அடியில் கலந்தால் விஷக் காற்று உண்டாகும் என்று மூன்று பேருக்குமே தெரியும். தெரிந்துதான் இறங்கினார்கள்.

துக்கம் விசாரித்துவிட்டுத் திரும்பும்போது எல்லாரும் பேசியது ஒன்றே ஒன்று. ஏன் இறங்கினான், புத்தி இல்லையா, எத்தனை தடவை சொல்வது. ரயில்வே கேட்டில் வண்டியை நிறுத்தியபோது நீ மட்டும் வேறு ஒன்று கேட்டாய்.

"மச்சான், அந்தத் தொட்டிக்கு ஏணி எதுக்கு வெச்சாங்க?"

"இன்னா கேள்வி இது? இறங்கத்தான்."

"யாரும் இறங்கக் கூடாதுன்னு செவுத்துல எழுதி வெச்சிருக்காங்களே. அப்புறம் ஏணி எதுக்கு?"

பதில் தெரியாதபோது நான் இன்னா செய்வேன் என்று உனக்குத் தெரியும். உன்னைக் கிண்டல் செய்தேன். ஃபிட்டர் வேலையை விட்டுவிட்டு வக்கீலுக்குப் படிக்கச் சொன்னேன்.

அந்த வருடமே நம் கம்பெனியில் புதுத் தொட்டி கட்ட வேண்டி வந்தது. நீ காலண்டர் தாளின் பின்பக்கத்தில் படம் போட்டு முதலாளி முன்னால் விரித்தாய். தரை ஒரு மூலைக்குச் சரிய வேண்டும், கசடு தானாக அங்கே போய்ச் சேர வேண்டும். பம்பு மேலேயே இருக்க வேண்டும். தொட்டியின் வாயை இரும்புக் கம்பியால் மூட வேண்டும். ஏணி கிடையாது.

முதலாளி நல்ல மனுஷர்தான். ஆனாலும் முதலாளி. "செலவு ஜாஸ்தி ஆவுமே தேவராஜ்" என்றார்.

"கட்டி முடிச்சப்புறம் மாத்தினாதான் பாய் ஜாஸ்தி. இப்ப எப்படியும் சிமெண்டு கொட்டத்தான் போறோம். கொத்தனார் கரண்டியக் கொஞ்சம் சாய்ச்சுப் பிடிக்கறதுக்குத் தனியாக் கூலி கேப்பானா?"

முதலாளி சிரித்துவிட்டார். சிரித்தால் பாதி சம்மதம் என்று உனக்குத் தெரியும். நான்தான் முட்டுக்கட்டை போட்டேன். பக்ரீத் வருகிறது, தோல் வந்து குவியும், அதற்குள் தொட்டி முடிய வேண்டும், இவன் கம்பியை அளந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறான் என்று எல்லார் முன்னாலும் கத்தினேன். "நீ தொட்டி கட்டறியா, ஜெயிலு கட்டறியா?" என்றும் கேட்டேன். நீ கோபப்படவே இல்லை. அது எனக்கு இன்னும் பேஜாராக இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை நினைவிருக்கிறதா? ஆராதனை முடிந்து உன் வீட்டில் பிரியாணி. நான் இரண்டாவது தட்டில் இருக்கிறேன். நீ தையல் டேப்பை எடுத்துவந்து என் தோளை அளக்கிறாய். பிறகு பக்கவாட்டில் நிற்கவைத்து நெஞ்சிலிருந்து முதுகுவரை அளக்கிறாய். கிறிஸ்துமஸுக்குச் சட்டை எடுத்துத் தரப்போகிறாய் என்று உன் தங்கச்சி நினைத்துக்கொண்டாள்.

"நம்ம கம்பெனியில உன்னவிட ஒல்லியா யாரும் கிடையாது. நீ சைடு வாங்கினாக்கூட நுழைய முடியாதுன்னா வேற எவனாலயும் முடியாது."

அப்படித்தான் அந்தக் கம்பிகளின் இடைவெளி முடிவானது. ஆம்பூரில் எத்தனையோ தொட்டி உண்டு. மச்சானின் நெஞ்சை அளந்து மூடிய தொட்டி அது ஒன்றுதான்.

கம்பியைப் பற்றவைத்த பிறகு, அதன் ஓரத்தில் ஒரு தகரப் பலகையும் வைத்தாய். அதில் பெயிண்டால் எழுதியிருந்ததைப் படித்துவிட்டு இரண்டு வாரம் நான் உன்னோடு பேசவில்லை. பிறகு பேசினோம். வருடம் ஆக ஆகச் சுண்ணாம்பும் அழுக்கும் படிந்து பலகையை மூடிவிட்டன. நானும் அதை மறந்துபோனேன்.

பிறகு நீ போய்விட்டாய். இதையும் கேட்டுவிடுகிறேன், மனசுக்குள் வைத்துக்கொண்டு என்னால் முடியவில்லை. ஊரில் உள்ளவன் உயிருக்கெல்லாம் முன்கூட்டியே யோசித்தவன், உன் உடம்புச் சர்க்கரைக்கு ஏன் யோசிக்கவில்லை? காலில் கொப்புளம் வந்தபோது யாரிடமும் ஏன் சொல்லவில்லை? உனக்கு என்று ஒரு கம்பி போட்டுக்கொள்ள ஏன் தோன்றவில்லை, மச்சான்?

சரி, விடு. இந்த வருடப் பக்ரீத் முடிந்து நாலாவது நாள். பச்சைத் தோல் லாரி லாரியாக வந்து இறங்கியது. உப்புத் தேய்த்துத் தேய்த்து ஆட்களுக்குக் கையெல்லாம் வெடித்துப் போயிருந்தது. தோல் யாருக்காகவும் காத்திருக்காது. ஒரு நாள் நின்றால் அழுக ஆரம்பிக்கும். தோலை மருந்தில் போட்டுச் சுற்றும் டிரம் எல்லாம் ஓடிக்கொண்டிருக்க, தொட்டியில் தண்ணீர் ஏறிக்கொண்டே வந்தது. சாப்பாட்டு மணிக்குக் கொஞ்சம் முன்னால் பம்பு நின்றது. மோட்டார் உறுமுகிறது, தண்ணீர் வரவில்லை. உறிஞ்சும் குழாயின் வாயில் மயிரும் சதையும் சேர்ந்து அடைத்துக்கொண்டன.

முனுசாமியை உனக்கு நன்றாகத் தெரியும். ஆலங்காயத்துப் பக்கத்து ஆள், தொட்டி வேலையெல்லாம் அவர்தான். மூத்த பெண்ணுக்கு வரன் பார்த்துக்கொண்டிருக்கிறார். அவரே வந்து சொன்னார்.

"சார், ரெண்டு கம்பிய அறுத்துக் குடுத்தா நான் கயித்தப் பிடிச்சு இறங்கிக் கையாலயே பிடுங்கிட்டு வந்துர்றேன். அஞ்சு நிமிஷம்."

நான் தொட்டி ஓரம் மண்டியிட்டு மோந்து பார்த்தேன். காலையில் குடலைப் பிடுங்கும் அழுகிய முட்டை நாற்றம் அடித்தது. இப்போது ஒன்றுமே இல்லை. கண் மட்டும் கொஞ்சம் எரிந்தது. நம் ஊர்க்காரர்களுக்கு மூக்கைப் பற்றி ஒரு திமிர் உண்டு இல்லையா? ரயிலில் போகிறவன் ஆம்பூர் வந்தால் கைக்குட்டையை எடுப்பான். நாம் நாற்றத்தை வைத்தே எந்தத் தொட்டியில் எந்த மருந்து என்று சொல்லுவோம். முப்பது வருட மூக்கு சொன்னதை நான் நம்பினேன்.

"நாத்தமே இல்ல முனுசாமி. கேஸ் எல்லாம் போய்டுச்சு. கட்டிங் மிஷின எடுத்துட்டு வா."

நான்தான் சொன்னேன். முதலாளி சொல்லவில்லை. வேறு யாரும் சொல்லவில்லை.

முனுசாமி மிஷினோடு வந்தார். எங்கே வைத்து அறுப்பது என்று பார்க்க, கம்பியின் ஓரத்தில் படிந்திருந்த அழுக்கைத் துணியால் துடைத்தார். பலகை தெரிந்தது. எழுத்துக் கூட்டி உரக்கப் படித்தார்.

"இந்தக் கம்பியை வெட்டணும்னா சூப்பர்வைசர் சாலமனைக் கேள். அவர் சரின்னு சொன்னா முதல்ல அவரை இறக்கு. இப்படிக்கு, ஃபிட்டர் தேவராஜ்."

படித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். கிண்டல் இல்லை. நிஜமாகவே கேட்டார்.

"இன்னா சார் பண்ணலாம்?"

திட்டத்தான் வாயெடுத்தேன். அதற்குள் கண் தானாகத் தொட்டிக்குள் போனது. உள்ளே தண்ணீர் கறுப்பாக, அசையாமல் கிடந்தது. உண்மையைச் சொல்கிறேன். முனுசாமி இறங்கப் போகிறார் என்றபோது அது ஐந்து நிமிட வேலை. நான் இறங்க வேண்டும் என்றதும் அது எத்தனை ஆழம்? என் உயிரென்றால் யோசிக்கிறேன், அவர் உயிரென்றால் மிஷின் எடுக்கச் சொல்கிறேன். வெட்கமாக இருந்தது, மச்சான். பெயருக்குத்தான் ஞானி சாலமன்.

"வேணாம். மிஷின தூரமாக் கொண்டுபோய் வை" என்றேன். "வேற இன்னா வழி?"

முனுசாமி காம்பவுண்டுப் பக்கம் கையைக் காட்டினார். "தேவராஜண்ணன் காம்பவுண்டு செவுரு ஓரம் ஒரு கொழா போட்டாரே, நீங்ககூட டிபன் பை மாட்டுவீங்களே, அது இன்னாத்துக்கு சார்?"

அந்தக் குழாயை நீ வைத்தபோது தண்டச் செலவு என்று சொன்னவன் நான். இத்தனை வருடமாக அந்த வால்வின் கைப்பிடியில் என் சாப்பாட்டுப் பையைத்தான் மாட்டியிருக்கிறேன். பையைக் கழற்றினேன். துருவுக்கு எண்ணெய் விட்டு இரண்டு பேருமாகத் திருப்பினோம். மேல்தொட்டித் தண்ணீர் உறிஞ்சும் குழாய்க்குள் எதிர்ப்பக்கமாக வேகத்தோடு பாய்ந்தது. குழாய் அதிர்ந்தது. அடைப்பு பிய்த்துக்கொண்டு போன சத்தம் எங்களுக்கே கேட்டது. வால்வை மூடி பம்பைப் போட்டோம். தண்ணீர் வந்தது. தொட்டியிலிருந்து அத்தனை தூரத்தில், அதுவும் காற்று வருகிற பக்கமாகப் பார்த்து அந்த வால்வை நீ ஏன் வைத்தாய் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. கசடு கலங்கும்போது விஷக் காற்று மேலே வரும். அந்த நேரத்தில் ஆள் அங்கே நிற்கக் கூடாது என்று பார்த்து வைத்திருக்கிறாய்.

மறுநாள் பாதுகாப்புச் சோதனைக்கு ஒருவரை வரவழைத்தோம். காற்றை அளக்கும் சின்னக் கருவியைக் கயிற்றில் கட்டிக் கம்பி வழியாக இறக்கினார். பாதிகூடப் போகவில்லை, அது கத்த ஆரம்பித்தது. வெளியே எடுத்து வைத்த பிறகும் கொஞ்ச நேரம் கத்திக்கொண்டே இருந்தது. முனுசாமி போய்ப் பைப்படியில் முகம் கழுவினார். ரொம்ப நேரம் கழுவினார்.

எஸ்தரிடம் போனில் சொன்னேன். "நாத்தமே இல்லம்மா, அப்புறம் எப்படி?" என்றேன்.

"மாமா, நாத்தம் நின்னுடுச்சுன்னா கேஸ் இல்லன்னு அர்த்தம் இல்ல. ஜாஸ்தியானா மூக்கு மரத்துப் போய்டும். ஆளுங்க அதை நம்பித்தான் உள்ள இறங்கறாங்க. மிஷின்ல இருந்து ஒரு பொறி விழுந்திருந்தாக்கூடப் போதும்" என்றாள். பிறகு மெதுவாகக் கேட்டாள். "அப்பாவுக்கு இதெல்லாம் தெரியுமா மாமா?"

தெரியுமா, மச்சான்? எனக்குத் தெரியவில்லை. ஆனால் மூக்கை நம்பாதே, தைரியத்தை நம்பாதே, அவசரத்தில் இருக்கிற சாலமனை நம்பவே நம்பாதே என்று உனக்குத் தெரிந்திருந்தது. அது போதுமாக இருந்தது. என்னைத் திருத்த நீ ஒரு நாளும் முயலவில்லை. நான் திருந்தாமலே இருந்தாலும் ஒருவரும் சாகாதபடி ஒரு தொட்டியைக் கட்டிவிட்டுப் போனாய்.

இரண்டு நாள் கழித்து முனுசாமி ஒரு பை மாம்பழம் கொண்டுவந்து கொடுத்தார். உனக்குச் சேர வேண்டியது. உனக்குத்தான் சர்க்கரையாயிற்றே என்று நானே சாப்பிட்டுவிட்டேன்.

இன்னொரு சேதி. முதலாளி வாணியம்பாடியில் புது யூனிட் கட்டுகிறார். தொட்டி வேலையை என்னிடம் கொடுத்திருக்கிறார். உன் காலண்டர் தாளை உன் தங்கச்சி பைபிளுக்குள் வைத்திருந்தாள். அதை எடுத்து விரித்திருக்கிறேன். எனக்குத் தொப்பை விழுந்துவிட்டது, என் அளவு இனி உதவாது. அங்கே வேலைக்கு எடுத்தவர்களில் ஒல்லியான ஆளைத் தேடிப் பிடித்து டேப்பால் அளந்தும் விட்டேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். நானும் உன்னை அப்படித்தான் பார்த்தேன்.

தரை சரியும். வால்வு காற்று வருகிற பக்கம் இருக்கும், அதில் யாரும் பை மாட்ட மாட்டார்கள். ஏணி இருக்காது. பலகையும் இருக்கும். ஆனால் அதில் என் பெயரைப் போடப் போவதில்லை. அவசரம் வந்தால் நான் சரியென்று சொல்லிவிடுவேன் என்பதை என் கண்ணாலேயே பார்த்துவிட்டேன். எனக்குப் பின்னால் வருகிறவனும் சொல்லிவிடுவான். ஆகவே இப்படி எழுதப் போகிறேன், உனக்கு வாக்குக் கொடுக்கிறேன்: "இந்தக் கம்பியை வெட்ட வேண்டுமென்றால் ஃபிட்டர் தேவராஜைக் கேள். அவர் சரியென்று சொன்ன பிறகு வெட்டு."

கேட்கட்டும். எத்தனை தடவை வேண்டுமானாலும் கேட்கட்டும். நீ வாய் திறக்காதே, மச்சான்.

உன் தங்கச்சியைக் கட்டியவன்,
உன்னால் ஒரு கொலையிலிருந்து தப்பிய உன் மச்சான்,
சாலமன்
ஆம்பூர்