எங்கள் ஊர்க் கிணறு

1952 ஜூன் 9

மழை விட்டபாடில்லை. காலில் நனைந்த சப்பாத்தோடு ஹட்டன் போய்ச் சேர்ந்தபோது முதல் பாடம் முடிந்திருந்தது. அலோசியஸ் வாசலிலேயே பிடித்துக்கொண்டான். எங்கள் கல்லூரி மாணவர் பத்திரிகை ‘முகடு’க்கு அவன்தான் ஆசிரியர். அந்த மிதப்பு நடையிலேயே தெரியும்.

“ஒரு பக்கம் காலியா கெடக்கு. ‘எங்கள் ஊர்’னு ஏதாச்சும் எழுதிக் குடு. லயத்தப் பத்தி வேணாம்ப்பா, அழுமூஞ்சியா இருக்கும்.”

தேயிலைத் தோட்டத்து லயத்தை, அந்த வரிசை அறைகளை விட்டால் எனக்கு வேறு எந்த ஊர் தெரியும்?

ஜூன் 12

எழுதிவிட்டேன். துறையூர்ப் பக்கத்து ஊர். எங்கள் தோட்டத்தில் யாரைக் கேட்டாலும் சொந்த ஊர் என்று கடலுக்கு அப்பால் இந்தியாவில் ஒன்றைச் சொல்வார்கள். அதைக் கண்ணால் கண்டவர் எத்தனை பேர்? அப்பாவே இந்த லயத்தில் பிறந்தவர்தான். தாத்தா விட்டுப்போன ஊர்ப் பெயர் ஒன்றுதான் எங்களிடம் இருக்கிறது.

அந்தப் பெயருக்கு நான் ஓட்டு வீடு கட்டினேன். வாசலில் வேம்பு வைத்தேன். கொல்லையில் கிணறு வெட்டினேன். போன சித்திரையில் அப்பாவும் நானும் அங்கே போய்க் குளித்தோம் என்றுகூட எழுதியாயிற்று. தண்ணீர் இளநீராய் இனித்ததாம்! அலோசியஸ் படித்துவிட்டு முதுகில் தட்டினான். மிதப்பு எனக்கும் வந்துவிட்டது.

ஜூலை 1

அச்சில் என் பெயர். வீ. கணேசமூர்த்தி.

ஜூலை 2

அப்பாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. “எதுடா உம் பேரு?” என்று கேட்டு, நான் காட்டிய இடத்தில் விரலை வைத்துக்கொண்டு வெகுநேரம் இருந்தார். என்ன எழுதியிருக்கிறாய் என்று கேட்கவில்லை. மடித்துக் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டார். மலைக்கு வேலைக்குப் போகும்போதும் அது கூடவே போகிறது. அம்மாவுக்குச் சிரிப்பு. “ஒங்கப்பாவுக்குப் புதுசா புள்ள பொறந்த மாதிரி இருக்கு.”

ஆகஸ்ட் 20

இலங்கைப் பிரஜாவுரிமை விசாரணைக்கு நாளை நுவரெலியா போகிறோம். நாங்கள் இங்கேயே நிலைத்தவர்கள் என்று அதிகாரி முன் காட்ட வேண்டும். பிரஜாவுரிமை கிடைத்தால்தான் நான் ஆசிரியர் பயிற்சிக்கு மனுப் போட முடியும். கிடைக்காவிட்டால் தோட்டத்து வேலைதான். அம்மா கோட்டைத் துவைத்துக் காயவைத்திருக்கிறாள். பயமாக இருக்கிறது.

ஆகஸ்ட் 21

எப்படி எழுதுவேன்?

எல்லாம் நன்றாகத்தான் போயிற்று. அப்பாவின் பிறப்புச் சான்று, தோட்டத்துத் துரை கொடுத்த கடிதம், எல்லாம் சரி. எழுந்திருக்க வேண்டிய நேரத்தில் அப்பா பையிலிருந்து அந்தத் தாளை எடுத்து மேசைமேல் விரித்தார்.

“எம் மகன் ஹட்டன் காலேஜில படிக்கிறானுங்க. பேரு அச்சுல வந்திருக்குங்க. நாங்க இங்கயே நெலச்சவங்கன்னு இதுலயே தெரியுமுங்க.”

ஐயோ. நான் கை நீட்டுவதற்குள் மொழிபெயர்ப்பாளர் வாசிக்கத் தொடங்கிவிட்டார். வீடு, வேம்பு, கிணறு, போன சித்திரை. ஒவ்வொன்றையும் அதிகாரி குறித்துக்கொண்டார். அப்பா இப்போதுதான் முதன்முறையாகக் கேட்கிறார். அவர் முகத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை.

“கற்பனை, சேர்! நாங்கள் போனதே இல்லை” என்று எழுந்து கத்தினேன். அதிகாரி என்னை உட்காரச் சொன்னார். அப்பாவிடம்தான் கேட்டார். உன் மகன் எழுதியது உண்மையா பொய்யா?

அப்பா தொப்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார்.

“எம் மகன் பொய் எழுத மாட்டானுங்க.”

ஆகஸ்ட் 22

நேற்று வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னதும் அம்மா வெடித்தாள். “பொய்னு ஒரு வார்த்த சொன்னா வாய் வெந்து போகுமா?”

“அத்தன பேரு முன்னாடி பெத்த புள்ளைய நானே பொய்யன்னு சொல்லவா, ராசம்மா?” என்றார் அப்பா. அவ்வளவுதான்.

என்னை ஒரு சொல் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். ரெண்டு அறை விட்டிருக்கலாம்ல? ஏம்ப்பா இப்படிப் பண்ணுனீங்க?

அக்டோபர் 3

அலோசியஸ் அடுத்த இதழுக்கு ஒரு பக்கம் கேட்டான். இல்லை என்றேன்.

1953 ஜனவரி 17

மனு நிராகரிப்பு. இங்கே நிலையாகக் குடியிருக்கும் எண்ணம் நிரூபிக்கப்படவில்லையாம். இங்கே பிறந்து, இங்கேயே முதுகு கூனிப்போன மனிதருக்கு.

பெப்ரவரி 28

கல்லூரியில் கடைசி நாள். பஸ் வரைக்கும் அலோசியஸ் கூடவே வந்தான். அவனுக்கும் கண் கலங்கிவிட்டது.

மார்ச் 9

காலைப் பெரட்டில் ஆள் கணக்கெடுக்கும்போது கங்காணி என் பெயரைக் கூப்பிட்டார். அப்பா பெயருக்கு அடுத்து. கவ்வாத்து மலைக்கு அனுப்பினார்கள். அப்பா பக்கத்து நிரையில் நின்று, எந்தக் கிளையை எப்படிச் சாய்த்து வெட்டுவது என்று காட்டினார். உள்ளங்கை இரண்டும் கொப்பளித்துவிட்டன. பேனா பிடிக்க வலிக்கிறது.

சாயங்காலம் அம்மா கைக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். அப்பா கோட்டுப் பையிலிருந்து அந்தத் தாளை எடுத்தார். மடிப்பெல்லாம் கிழிந்திருக்கிறது.

“ஆபீசுல அந்த ஆளு கடகடன்னு வாசிச்சிட்டாரு. நீ நிதானமா வாசி, தம்பி.”

வாசித்தேன். கிணறு வந்ததும் அப்பா கையைக் காட்டி நிறுத்தினார்.

“எத்தன ஆள் ஆழம்?”

அம்மா தலை நிமிரவில்லை.

“நாலு ஆள் ஆழம்ப்பா” என்றேன்.

“ம். மேல வாசி” என்றார்.